மேற்குப் பார்த்த கேமரா

என் தங்கை வயோமிங் போகப்போவதாகச் சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "அங்க ஆளுங்கல்லாம் இருக்காங்களா?" என்பதுதான். கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கம்மி லா, அக்கா," என்றாள்.

அவள் தாதி. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்து, அலுத்துப்போய், யாரிடமும் சொல்லாமல் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருந்தாள். அமெரிக்கா என்றதும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வந்து நின்றன. ஆனால் வெளிநாட்டுத் தாதிகளை அவசர அவசரமாகக் கூப்பிடுவது எந்த ஊர்? உள்ளூர்க்காரர்களே போக மறுக்கும் ஊர்தான். எங்கள் முன்னோரை ரப்பர் காட்டுக்கும் ரயில் பாதைக்கும் கூப்பிட்டதும் அப்படித்தான். அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விமான நிலையத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டோம்.

அவள் போன பிறகுதான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நம் தீபகற்பத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிலம். அதில் இருக்கும் மொத்த ஜனம் எங்கள் கிள்ளான் ஜனத்தைவிடக் குறைவு. மனிதர்களைவிட மாடுகள் அதிகம். நாங்கள் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஏழு வீட்டுக்கு அன்று மீன் வாசம். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கூரைகூட இல்லாத நாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "இங்க அமைதியா இருக்குக்கா" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை.

மருத்துவமனை இருந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. காற்றாலை கட்ட வந்தவர்கள் எல்லா அறைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பக்கத்து ஊரில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் வீட்டின் பின்பாதியை எடுத்துக்கொண்டாள். பக்கத்து ஊர் என்றால் கிள்ளானுக்கு மேரு மாதிரி கூப்பிடு தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். கிள்ளானிலிருந்து சிரம்பான் எவ்வளவு தூரமோ அவ்வளவு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். நடுவில் பெட்ரோல் நிலையம் கிடையாது, கடை கிடையாது, சாலையோரமாய் ஒரு வீடு கிடையாது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, பிறகு ஒன்றும் இருக்காது. அடுத்த ஊர் நெருங்கும்போதுதான் மறுபடி வரும்.

வீட்டுக்கார அம்மாளை இவள் முதல் நாளே 'ஆன்டி' என்று கூப்பிட்டிருக்கிறாள். "நான் உனக்கு அத்தை இல்லையே," என்று அந்த அம்மாள் குழம்பிப்போனாராம். பிறகு பழகிவிட்டது. கணவர் இல்லாதவர். மாட்டுப் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் வந்திருந்தார். குளிர்காலம் தொடங்கும் முன்னால் மான் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார். என் தங்கை அதை இஞ்சி பூண்டு போட்டுப் பிரட்டி அவருக்கே ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுப்பாள். அந்த அம்மாள்தான் அவள் காரின் பின்சீட்டில் ஒரு பெட்டியை வைத்தது. கம்பளி, மெழுகுவர்த்தி, தகர டப்பா, தீப்பெட்டி, சிறிய மண்வெட்டி, சாக்லேட். "இது எதுக்கு ஆன்டி?" என்று இவள் கேட்டதற்கு, "நீ நிற்க வேண்டி வந்தால்," என்றாராம். வேறு விளக்கமே சொல்லவில்லை.

விடுமுறை நாட்களில் அந்த அம்மாள் இவளை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றிக் காட்டினார். பழைய காலத்தில் மாட்டு வண்டிகளில் மேற்கே போன ஜனங்களின் சக்கரத் தடம் பாறையில் இன்னும் பள்ளமாய் இருக்கிறது. என் தங்கை அதில் தன் காலை வைத்துப் படம் அனுப்பினாள். முழங்கால்வரை உள்ளே போயிருந்தது. வழி நெடுகப் புதைகுழிகள். பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூட இல்லை. அதற்கும் முன்பு அங்கே குதிரை மேய்த்து வாழ்ந்த பழங்குடிகளை ஒரு மூலைக்கு ஒதுக்கியாயிற்று. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததில் அமெரிக்காவிலேயே அந்த மண்தான் முதல் என்று அந்த அம்மாள் பெருமையாய்ச் சொன்னாராம். "பொம்பளைங்க வந்தா போதும்னு கொடுத்திருப்பாங்க," என்றேன். "ஆன்டியும் அதத்தான் சொன்னாங்க," என்றாள். ரயில் பாதையோரம் ஒரு நிலக்கரி ஊர். அங்கே சுரங்கம் வெட்ட வந்த சீனர்களை வெள்ளைக்காரத் தொழிலாளிகள் ஒரு நாள் கூட்டமாய்த் திரண்டு கொன்று, வீடுகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். ரயில்வே குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைக் கேட்டதிலிருந்து அந்த ஊரின் காற்றே பிடிக்காமல் போயிற்று. "என்னடி ஊரு அது, எங்க பாத்தாலும் செத்தவன் கதையா இருக்கு?" என்றேன். "எல்லா ஊர்லயும் இருக்குக்கா. இங்க மேல வீடு கட்டி மறைக்கல, அவ்ளோதான்," என்றாள்.

காற்று என்றேன் அல்லவா. அவளோடு பேசும்போதெல்லாம் பின்னால் ஏதோ ஊளையிடும். டிவியா என்று கேட்டால், காற்று என்பாள். அங்கே பனி மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் ஓடுவதுதான் அதிகமாம். விழுந்து கிடக்கும் பனியைக் காற்று வாரிக்கொண்டு தரையோடு தரையாய் ஓடும். மேலே பார்த்தால் நட்சத்திரம் தெரியும். எதிரே பார்த்தால் தன் கை தெரியாது. அதற்காகவே நெடுஞ்சாலைக்குக் கதவு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ரயில் வரும்போது இறங்குமே, அந்த மாதிரி ஒரு தடுப்பு. காற்று முற்றினால் விளக்கைப் போட்டு, தடுப்பை இறக்கி, சாலையையே பூட்டிவிடுவார்கள். ஒரு மாநிலத்துச் சாலையைப் பூட்டுவார்கள் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

எனக்குச் சாலை என்றால் தொழில். போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை அனுப்புவது என் வேலை. எந்தக் கண்டெய்னரை யார் எடுப்பது, எந்த வழியில் போவது, எங்கே நெரிசல், எல்லாம் என் தலையில். திரையில் எங்கள் லோரிகள் எல்லாம் புள்ளிகளாய் ஓடும். கேரி தீவில் எண்ணெய் ஏற்றப் போன வண்டி பாலத்தின்மேல் நின்றால்கூட எனக்குத் தெரியும். "ஏன்ணே நிக்கிறீங்க?" என்று கேட்டால், "மூத்திரம் போக வேணாமாக்கா?" என்று கத்துவார்கள். அதனால்தான் என் தங்கை கேட்டாள்: "எல்லாரையும் அனுப்பறல்ல, என்னையும் அனுப்பேன்."

வயோமிங் சாலைகளில் தூண் நட்டுக் கேமரா வைத்திருக்கிறார்கள். யாரும் இணையத்தில் பார்க்கலாம். படம் ஓடாது, சில நிமிடத்துக்கு ஒரு தடவை புதிதாய் மாறும். அவள் போகும் சாலையில் ஒரே இடத்தில்தான் கேமரா, ஒரு மேட்டின் உச்சியில். ஒன்று கிழக்கைப் பார்க்கும், ஒன்று மேற்கைப் பார்க்கும், ஒன்று தார்ச்சாலையைப் பார்க்கும். அவளுக்கு இரவு ஷிப்ட். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கிளம்புவாள். அது எங்களுக்கு மறுநாள் காலை. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பேன். சாலை தெரிந்தால், "போ," என்பேன். தெரியாவிட்டால், "வேணாம், வீட்ல இரு," என்பேன். அவளே பார்த்துக்கொள்ளலாம், கைபேசியில் தெரியாதா என்ன? ஆனால் வீட்டிலிருந்து ஒருத்தி 'போ' என்று சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. ஒரு முழுக் குளிர்காலம் அப்படி ஓடிற்று. நான் 'வேணாம்' என்ற நாளில் அவள் ஒருமுறைகூடக் கிளம்பியதில்லை.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா என்னோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் வெளியே கிளம்பியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எல்லா வீட்டிலும் இருக்கும் வழக்கம்தானே என்பீர்கள். எல்லா வீட்டிலும் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. நாங்கள் கிள்ளானுக்கு மாறி வந்த புதிதில், அப்பா மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினார். சோற்று டப்பாவை மறந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார். அப்பா திரும்பி வந்து, டப்பாவை வாங்கி மாட்டிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனார். முச்சந்தியில் லோரி அடித்துவிட்டது. "நான் கூப்பிடாம இருந்திருந்தா, அந்த லோரி வர்றதுக்கு முன்னாடியே அவரு தாண்டிப் போயிருப்பாரு," என்று அம்மா அன்று சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாவிட்டாலும் அது வீட்டில் இருந்தது. குடையை மறந்தால் நனைந்துகொண்டே போவோம். பரீட்சைச் சீட்டை மறந்து போனவள் என் தங்கை. அன்றும் அம்மா கூப்பிடவில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் பள்ளிக்குப் போனார். பிற்பாடு நான் லோரி கம்பெனியில் சேர்ந்தபோது அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டதுமில்லை.

அன்று காலை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. கேமராவில் மூன்று படமும் தெளிவு. சாலை கறுப்பாய், ஓரத்தில் பனி வெள்ளையாய், மேற்கே சூரியன் மறைந்த சிவப்பு கொஞ்சம். "போ," என்றேன். "சரிக்கா, போயிட்டு வரேன்," என்றாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் டீயை ஆற்றிக் குடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. கைபேசியை மூடப்போனவள், சும்மா இன்னொரு தடவை பார்த்தேன்.

மேற்குப் பார்த்த படத்தில் சாலை இல்லை. மங்கல்கூட இல்லை, ஒரு சுவர். கிழக்குப் படத்தில் சாலை அப்படியே இருந்தது. அதாவது அந்தச் சுவர் மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டது, இவள் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. வண்டி ஓட்டுகிறவளுக்கு எதிரே அது வருவது தெரியாது, இருட்டிக்கொண்டு வந்தது. அவள் இன்னும் ஊர் எல்லைக்குள்தான் இருப்பாள். இப்போது கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். நான் எண்ணை அழுத்தப் போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா கையை நீட்டிக் கைபேசியைப் பொத்தினார்.

"என்னம்மா பண்றீங்க, விடுங்க."

"இப்பதான கிளம்புனா. பின்னால கூப்பிடாத."

"அம்மா, அங்க பனி வருது. இங்க பாருங்க, ரோடே தெரியல."

"கூப்பிட்டா போனை எடுக்க அவ கைய விடுவா. திரும்புவா. திரும்புற எடத்துல ஏதாச்சும் வந்துச்சுன்னா? போய்ச் சேரட்டும். சேந்துட்டு அவளே கூப்பிடுவா."

"அது வேறம்மா, இது வேற."

அம்மா கையை எடுக்கவில்லை. எழுபதைத் தாண்டிய கை, அவ்வளவு பலம் அதற்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அந்த முச்சந்தியை இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டதாகிவிடும் என்று இருந்தது. கத்தினேன். கெஞ்சினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டீ ஆறுகிற நேரம்தான் இருக்கும். பிறகு தானாகவே கையை எடுத்தார். நான் கூப்பிட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள்.

அதுதான் அந்த ஊர். இங்கே ஒரு டீ தாமதமாய்க் கூப்பிட்டாலும் ஆள் கிடைப்பான். பெடரல் ஹைவேயில் இருப்பான், டோலில் இருப்பான், எங்கே இருந்தாலும் போன் அடிக்கும். அங்கே ஊர் எல்லையைத் தாண்டினால் தாண்டியதுதான். எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டை கிள்ளானில் நடக்க வேண்டிய சண்டை. கிள்ளானில் என்றால் அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் போய்ச் சேர வேண்டிய நேரம் வந்தது, போயிற்று. வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டேன். அவர் குரலில் அவசரமே இல்லை. மருத்துவமனைக்கு அவள் வரவில்லையாம், அவரே கேட்டுவிட்டாராம். அவள் போன பிறகு சாலையைப் பூட்டிவிட்டார்களாம். போலீஸுக்குச் சொல்லியாயிற்று. "எப்ப தேடப் போவாங்க?" என்று கேட்டேன். காற்று விட்டால் போவார்கள் என்றார். "காத்து எப்ப விடும்?" என்றேன். பெட்டி காரில் இருக்கிறது, அவள் காரை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். இறங்குகிறவர்களைத்தான் வசந்த காலத்தில் கண்டெடுப்போம் என்றும் சொன்னார். பயமுறுத்தச் சொல்லவில்லை. மழை வரும் குடை எடுத்துப் போ என்பது போலச் சொன்னார்.

இறங்காமல் இருக்க வேண்டுமாம். என் தங்கையா? பிரிக்பீல்ட்ஸில் பிறந்து கிள்ளானில் வளர்ந்தவளுக்குக் கார் நின்றால் என்ன செய்யத் தெரியும்? கதவைத் திறந்துகொண்டு இறங்கத்தான் தெரியும். இங்கே எங்கே வண்டி நின்றாலும் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் ஒரு விளக்கு தெரியும். விளக்கு தெரிந்தால் அதன் கீழே ஒரு மனுஷன் இருப்பான். "போஸ், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்று சொன்னால் சாலையோர ஒட்டுக்கடைக்காரரிலிருந்து போகிற வருகிறவர்வரை வந்து தள்ளுவார்கள். விளக்கு இருந்தால் ஆள் இருப்பான் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அந்த நாட்டில் விளக்கு எண்ணெய்க் கிணற்றின்மேல் எரியும், காற்றாலையின் உச்சியில் எரியும். அதன் கீழே யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் வேலைக்குப் போனேன். போகாதே என்று யாராவது சொல்லியிருக்கலாம், ஆனால் வீட்டில் இருந்தால் அம்மாவை ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தே போனேன். வாசல் தாண்டும்போது அம்மா என்னையும் கூப்பிடவில்லை. அலுவலகத்தில் குளிர்சாதனத்தை அணைக்கச் சொன்னேன். திரையில் எல்லா லோரியும் இருந்தது. ஒன்று துறைமுக வாசலில், ஒன்று ஷா ஆலாமில், ஒன்று பந்திங் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. பந்திங் சாலைக்காரர் போன் போட்டு, "நெரிசல் தாங்கலக்கா, செத்துட்டேன்," என்றார். "செத்தவரு எப்படிண்ணே போன் பண்றீங்க?" என்று எரிந்து விழுந்தேன். "என்னக்கா, காலையிலயே சூடா இருக்கீங்க?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டு, கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தனை லோரியையும் என்னால் பார்க்க முடிந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை. கேமராப் பக்கத்தைத் திறந்தால் மூன்று படமும் இப்போது ஒரே கறுப்பு. அங்கே இரவு.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அம்மா காலையில் இருந்த நாற்காலியிலேயே இருந்தார். சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில் தகரக் கூரையில் சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வெக்கையிலும் என் கால் சில்லென்று இருந்ததை இப்போதும் என்னால் விளக்க முடியாது.

சாயங்காலம் மழை பிடித்த நேரத்தில் வீட்டுக்கார அம்மாள் கூப்பிட்டார். காற்று இறங்கியதும் பனி தள்ளும் வண்டியை முன்னால் விட்டு, பின்னால் போலீஸ் போயிருக்கிறது. காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் உள்ளேதான் இருந்தாள். உயிரோடு இருக்கிறாள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். கையில் மட்டும் பாதிப்பு. "இருக்காம்மா, இருக்கா," என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல. கூப்பிட்டிருந்தா போயிருப்பா," என்றார்.

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "கூப்பிட்டிருந்தா அவ வீட்ல போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பாம்மா," என்றேன். அம்மாவுக்கு, தான் மகளைக் காப்பாற்றிவிட்டதாகவே நிச்சயம். அன்று சாமி படத்துக்குப் பெரிய மாலையாக வாங்கிவரச் சொன்னார். நானும் வாங்கிவந்தேன். பூக்காரக்கா, "என்ன விசேஷம்?" என்று கேட்டதற்கு, "தெரியலக்கா," என்றேன்.

நடந்ததை என் தங்கை கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொன்னாள். வெள்ளைச் சுவருக்குள் கார் புகுந்ததும் சாலை காணாமல் போய்விட்டது. மெதுவாய் ஓரம் கட்டினாள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, காற்று ஒரு கணம் மூச்சு விட்டபோது, தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்திருக்கிறது. நான் பயந்த அதே விளக்கு. "பக்கத்துலதான்க்கா தெரிஞ்சுச்சு. நம்ம வீட்லேர்ந்து பாசாருக்குக் காய் வாங்கப் போற தூரம்," என்றாள். கதவைத் திறந்தாள். காற்று கதவைப் பிடித்து முன்னால் மடக்கிவிட்டது. கீல் வளைந்துபோயிற்று. விளக்கை மறந்து கதவை இழுத்தாள், இறங்கி நின்று தள்ளினாள், ஒருவழியாய்ச் சாத்தினாள். ஆனால் அது பூட்டவில்லை. விட்டால் திறந்துகொண்டது, பனி உள்ளே கொட்டிற்று. கழுத்துத் துணியால் கட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை டப்பாவில் ஏற்றி வைத்துக்கொண்டு, இரவு முழுக்க, பலமுள்ள வலது கையால் இடப்பக்கக் கதவை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கையை மாற்ற முடியவில்லை. மாற்றும் நேரத்தில் கதவு போய்விடும். கையுறை நனைந்து, பிறகு உறைந்துவிட்டது. தாதி அல்லவா, என்ன ஆகிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. "மொதல்ல வலிச்சுச்சு. வலி நின்னப்பத்தான் பயந்தேன்," என்றாள்.

பல வாரம் வீடியோவில் அவள் கை கட்டோடுதான் இருந்தது. கட்டைப் பிரித்த பிறகு அம்மா, "கைய காட்டு," என்றார். அவள் காட்ட யோசித்தாள். பிறகு கேமராவுக்கு நேராய்த் தூக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன. எத்தனையோ குழந்தைகளுக்கு அழாமல் ஊசி போட்ட கை. தடவிப் பார்த்தே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று கிள்ளானில் அவளையே கேட்டு வருவார்கள். அம்மா திரைக்குக் கிட்டே போனார். தன் விரலால் திரையில் அந்த விரல்களைத் தொட்டார். தொட்டதும் படம் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. நான் அதைச் சரிசெய்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல.

"ஏன்க்கா கூப்பிடல? நீ கேமராவ பாத்துக்கிட்டுத்தானே இருப்ப?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. லைன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், பாதி உண்மையும்கூட. நான் வாயைத் திறக்கும் முன் அம்மா, "நான்தான் கூப்பிட விடல," என்றார். காப்பாற்றியதாகச் சொன்ன அந்தக் குரல் அதில் இல்லை. "கிளம்புனவள எப்படிக் கூப்பிடறது. கையால போனை மூடிட்டேன். அக்கா மேல தப்பில்ல."

அவளுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது.

"அப்பா ஞாபகமாம்மா?"

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சரிம்மா," என்றாள். "நீ பயந்துட்ட. எனக்குப் புரியுது." அப்புறம், நல்லதொரு யோசனை சொல்கிற மாதிரி சொன்னாள்: "இனிமே நான் கிளம்பறப்ப சொல்ல மாட்டேன். சொன்னாத்தானே கூப்பிடறதா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்படணும்."

திட்டியிருந்தால் தேவலை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இனி அம்மாவைக் கேட்காமல் கூப்பிடுவேன் என்று சத்தியம் செய்தேன். ஊருக்கு வந்துவிடு என்றேன். "வேல இருக்குக்கா," என்றாள். ஊசி போடும் வேலையிலிருந்து மாற்றி, பண்ணை வீடுகளில் தனியாய்க் கிடக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துவரும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். முன்பு ஒரு சாலை. இப்போது எல்லாச் சாலையும். எந்த நாளில் எந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்டால், "அங்கங்க," என்பாள். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவள் அவள். அன்றிலிருந்து ஒருமுறைகூட, 'போயிட்டு வரேன்' என்று எங்களிடம் சொன்னதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிடுவாள், சில நாள். சில நாள் மறந்துவிடுவாள்.

இப்போது மறுபடி அங்கே குளிர்காலம். காலையில் டீயை எடுத்துக்கொண்டு அந்த மாநிலத்துக் கேமராக்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். பெரும்பாலும் யாருமில்லாத சாலை. எப்போதாவது ஒரு கார், நம்பர் தெரியாத தூரத்தில், முன்விளக்கோடு நிற்கும். அடுத்த படம் மாறும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கார் இருக்காது. தாண்டிப் போயிருக்கலாம். அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

"கிளம்பிட்டாளா?" என்கிறார்.

"தெரியலம்மா," என்கிறேன்.